எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க

காத்தக்காவை நான் முதலில் பார்த்தது கட்டட வேலை நடக்கும் சைட்டின் சாப்பாட்டுக் கொட்டகையில். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த மிதப்பில், சாப்பிடும்போதுகூடப் புது ஹெல்மெட்டைக் கழற்ற மனம் வரவில்லை. எதிர் பெஞ்சில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெயிலில் காய்ந்த முகம், தோள்பட்டையில் மாட்டிய வாக்கி-டாக்கி. தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து, அதில் வானிலைப் படத்தைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். படத்தின் மேற்கு ஓரத்தில் சிவப்பாக ஒரு திட்டு. அதைப் பார்த்து அவள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, நல்ல சேதியா?” என்றேன்.

“விருந்தாளி வர்றாங்க தம்பி. இந்தத் தடவையாவது பாதி வழியில திரும்பிப் போகாம இருக்கணும்.”

சாயங்காலத்துக்குள் சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகிக் கரைந்துவிட்டது. பந்தி முடிந்த பிறகு வந்து சேர்ந்தவளைப் போல அக்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். புயல் வரவில்லையே என்று வருத்தப்படுகிற ஆளை நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்த வருத்தம் எங்கிருந்து வந்தது என்று பிறகு அவளே சொன்னாள். மீதியை நான் கண்ணால் பார்த்தேன்.

சைட்டில் அவளுக்கு வேலையே காற்றைப் பார்ப்பதுதான். கிரேன் உச்சியில் இருக்கும் காத்து மீட்டர் காட்டும் அளவு அவள் கையிலிருக்கும் சின்னப் பெட்டிக்கு வரும். வானிலை நிலையத்தின் எச்சரிக்கையும் முதலில் அவளுக்குத்தான் வரும். அளவு எல்லையைத் தொட்டதும் வாக்கியில் அவள் குரல் கேட்கும்: “காத்து பேசறேன். தூக்கறத நிறுத்துங்க.” அதற்குமேல் யார் கெஞ்சினாலும் ஒரு செங்கல்லைக்கூடத் தூக்க விடமாட்டாள். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் அந்தப் பெயர்.

இங்கே கிரேனைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நாங்கள் கட்டும் உயரமான கட்டடங்களுக்குப் பக்கத்தில் நிற்கிற கோபுர கிரேனின் தலையில் நீண்ட கை ஒன்று உண்டு. ஆபரேட்டர் மேலே கூண்டில் உட்கார்ந்து அந்தக் கையைத் திருப்புவார், பிரேக் போட்டு நிறுத்துவார். ஆனால் புயல் வருகிறது என்றால், இறங்கும் முன் அந்த பிரேக்கை விடுவித்துவிட வேண்டும். அப்போதுதான் கை காற்று போகும் பக்கமே திரும்பிக்கொள்ளும், காற்றோடு சண்டை பிடிக்காது. சைட்டில் இதற்கு ‘அவிழ்த்து விடுறது’ என்று பேர். தெரியாதவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். தகரத்தைக் கட்டு, சாரத்தைக் கட்டு, மூட்டையைக் கட்டு என்று எல்லாவற்றையும் கட்டச் சொல்லிவிட்டு, இருப்பதிலேயே பெரியதை மட்டும் அவிழ்த்து விடு என்றால்? ஆனால் கையைப் பூட்டி வைத்தால், காற்று அதன் முழு நீளத்தின் மேலும் மோதும். முறத்தைக் காற்றுக்குக் குறுக்கே பிடித்த மாதிரிதான். கோபுரம் அடியோடு சாயும்.

அக்காவின் தம்பி கிரேன் ஆபரேட்டர். தாய் தகப்பன் போன பிறகு அவள் வளர்த்த பிள்ளை. பல வருஷம் முன்பு ஒரு சைட்டில் அக்கா கீழே நின்று கை காட்டி சிக்னல் கொடுப்பவள், தம்பி மேலே கூண்டில். ‘பூமியில அக்கா, ஆகாசத்துல தம்பி, நடுவுல நாங்க மாட்டிக்கிட்டோம்’ என்று சைட்டில் கேலி பேசுவார்கள். அந்தச் சைட்டுக்கு மேனேஜராக இருந்தவருக்கு ‘போன் சார்’ என்று பேர். எந்த உத்தரவையும் அவர் காகிதத்தில் எழுதமாட்டார், எல்லோருக்கும் கேட்கிற வாக்கியில் சொல்லமாட்டார். போனில், காதோடு காதாக, ஒருவருக்கு மட்டும் சொல்வார். வேலை நல்லபடியாக முடிந்தால் அது அவர் சொன்னது. கெட்டுப்போனால் அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

ஒரு புயல் நாளில் தம்பி கிரேனை அவிழ்க்கப் போகும்போது போன் சார் அவனை அழைத்தார். கை அவிழ்ந்து சுற்றினால் பக்கத்து இடத்துக்கு மேலே போகும், அவர்கள் வழக்குப் போடுவார்கள், பூட்டிவிட்டு இறங்கு என்றார். “சரி சார், பூட்டிட்டு இறங்கறேன்” என்று தம்பி சொன்னதை, அவர்கள் இருவர் மட்டும் பேசும் வாக்கி சேனலில் பட்டன் அழுந்தியிருந்ததால் அக்கா அரைகுறையாகக் கேட்டாள். அன்று சாயங்காலம் கிரேன் சாய்ந்தது. ஆள் சேதமில்லை. விசாரணையில் போன் சார் வெள்ளைச் சட்டை போட்டு வந்து உட்கார்ந்து, “திரும்ப ஏறி அவிழ்க்கச் சோம்பல் பட்டுட்டான் சார். சின்ன வயசு” என்றார். அக்கா எழுந்து தான் கேட்டதைச் சொன்னாள். “அக்கா தம்பிக்குப் பரிஞ்சு பேசத்தான் செய்வாங்க” என்று அவளை உட்கார வைத்துவிட்டார்கள்.

தம்பியின் சான்றிதழ் பறிபோனது. எந்தக் கம்பெனியும் அவனைச் சேர்க்கவில்லை. பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிற வேலைக்குப் போனான். தெருவில் நடக்கும்போது எங்காவது கிரேன் தெரிந்தால் தலையைக் குனிந்துகொள்வான். அவன் தட்டில் சோறு வைத்துவிட்டு அக்கா எதிரே உட்காருவாள். அவன் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். நாளாக நாளாகப் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது.

அந்த வீட்டு மௌனத்தில்தான் அக்கா முடிவெடுத்தாள். வானிலை பார்க்கும் படிப்பு ஒன்றைப் படித்துத் தேறினாள். போன் சார் எந்தச் சைட்டுக்கு மாறினாலும் அங்கே போய் வேலை கேட்டு நின்றாள். அவரும் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை. “அவ தம்பி என் தலையில மண்ணைப் போட்டான். ஆனாலும் பாவம்னு இவளுக்கு ஒரு வேலை போட்டுக் குடுத்திருக்கேன்” என்று வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிக்காட்டுவார். அக்கா பக்கத்தில் நின்று தலையாட்டுவாள். உள்ளுக்குள் அவள் அவரை ‘அவன்’ என்றுதான் சொல்வாள். ‘ஆட்டு, நல்லா ஆட்டு. ஒரு நாள் வரும்’ என்று தன் தலைக்கே தைரியம் சொல்வாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அதே மாதிரி ஒரு புயல், அதே மாதிரி ஒரு கிரேன், அதே வாயால் அதே உத்தரவு. இந்த முறை அதை ஊரே கேட்க வேண்டும். ஆனால் புயல்கள் அவளோடு கண்ணாமூச்சி ஆடின. ஒன்று வடக்கே திரும்பியது. ஒன்று வந்தபோது போன் சார் விடுப்பில் இருந்தார். இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை வந்து தொலைத்தது. “புயலுக்குக்கூட அவன்மேல பாசம்” என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

கடைசியில் வந்தது. இரண்டு நாளாகவே வானிலை நிலையம் சொல்லிக்கொண்டிருந்தது: கடும் புயல், அதற்குள்ளே சுழல்காற்று உருவாக வாய்ப்பு, திறந்தவெளியில் இருக்க வேண்டாம். படத்தில் சிவப்பின் ஓரம் கொக்கிபோல் வளைந்ததை அக்கா பார்த்தாள். சுழல்காற்று பிறக்கிற இடத்தில் அப்படித்தான் வளையும். அன்று காலையில் கிளம்பும்போது தம்பியைக் கூப்பிட்டு, “இன்னைக்கு டிப்போல உள்ள இரு. வெளிய வராத” என்றாள். “சரி” என்றான். ஏன் என்று கேட்கவில்லை.

சைட்டில் அவள் குரல் ஓயவே இல்லை. மேல்தளத்துப் பலகைகளைக் கீழே இறக்கு. தகரத்துக்கு இன்னொரு கயிறு போடு. ரெண்டாவது லிஃப்டை நிறுத்து. எல்லாரும் அடித்தள பார்க்கிங்குக்குப் போங்க, நடுத்தூண் பக்கம் உக்காருங்க, வாசல்ல நின்னு வீடியோ எடுக்காதீங்க. “காத்தக்கா, டீ குடிச்சிட்டுப் போலாமா?” என்று கம்பி கட்டுகிற ஒருவர் வாக்கியில் கேட்டார். “காத்து உங்களக் குடிக்கும். கீழ போங்க” என்றாள். சிரிப்பு கேட்டது. ஆட்கள் இறங்கினார்கள்.

கிரேனில் ஆபரேட்டர் மட்டும் மிச்சம். போன மாதம் கல்யாணம் ஆனதிலிருந்து சைட் முழுக்க அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது.

“மாப்பிள்ளை, கொக்கிய உள்ள இழுத்துட்டியா?”

“இழுத்துட்டேங்க்கா. மேல ஏத்தியாச்சு. அவிழ்த்துட்டு இறங்கிடட்டுமா?”

“அவி...” என்று அக்கா தொடங்கும்போது மேலே ஏதோ பேச்சுக்குரல். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு மாப்பிள்ளை தயங்கித் தயங்கிப் பேசினான்.

“அக்கா... சார் போன் பண்ணாரு. பூட்டிட்டு இறங்கச் சொல்றாரு. கை சுத்தினா பக்கத்து ஃபிளாட்டு மேல போகுமாம்.”

எத்தனை வருஷமாக அக்கா படுக்கையில் புரண்டு புரண்டு எதிர்பார்த்த வார்த்தை. அது இவ்வளவு சாதாரணமாக, டீக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற மாதிரி வந்து விழுந்தது. அவள் வாக்கியின் பட்டனை அழுத்தினாள்.

“சார், காத்து பேசறேன். கிரேன அவிழ்க்கணுமா, பூட்டணுமா? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க.”

வாக்கிக்குப் பதில் அவள் போன் அடித்தது. வெட்டினாள். மறுபடியும் அடித்தது. வெட்டினாள்.

“சார், உங்க போன் கட்டாகுது. வாக்கியில சொல்லுங்க.”

அடித்தளத்திலிருந்து ஒரு குரல்: “சாருக்கு வாக்கியில பட்டன் எங்க இருக்குன்னு யாராச்சும் காட்டுங்கப்பா.” யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவரைக் குத்தியிருக்க வேண்டும்.

“பூட்டுன்னா பூட்டணும்,” போன் சாரின் குரல் வெடித்தது. “பக்கத்து ஃபிளாட்டு மேல கை போகாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன். ஒரு கண்ணாடி உடைஞ்சாலும் என் தலைதான் உருளும். பூட்டிட்டு இறங்கு. பொறுப்பு என்னுது. போதுமா?”

“கேட்டுச்சா எல்லாருக்கும்?” என்றாள் அக்கா.

கேட்டுச்சு, கேட்டுச்சு என்று அடித்தளத்திலிருந்தும் வாசல் காவலிலிருந்தும் பதில் வந்தது. கட்டடத்து முதலாளியின் ஆளாக வந்து உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டரும் “கேட்டேன்மா” என்றார். என் கையிலிருந்த வாக்கியில் நானும் கேட்டேன்.

“பூட்டிட்டு இறங்கு மாப்பிள்ளை.”

“அக்கா?”

“சார் சொல்லிட்டாரு. பூட்டிட்டு இறங்கு.”

இதை அக்கா பிறகு என்னிடம் மறைக்காமல் சொன்னாள். அந்த நிமிடம் கிரேன் விழ வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். ஆட்கள் எல்லாரும் கீழே பத்திரம். விழுந்தால் இரும்புதான் போகும், கூடவே போன் சாரின் வேலையும் போகும். அந்தக் கணக்கை அவள் எல்லோரையும்விட நன்றாகப் போட்டாள். ஒன்றை மட்டும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை. காற்று மேற்கிலிருந்து வந்தால் கிரேன் கிழக்கே சாயும். கிழக்கேதான் அந்த ஃபிளாட்டு.

மாப்பிள்ளை இறங்கி வந்ததும் கோபுரத்தின் அடியிலிருக்கும் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை அக்கா இடுப்பில் செருகினாள். அந்தச் சாவி அவள் பொறுப்பு. அப்போது காற்று திடீரென்று செத்துப்போனது. பெட்டியில் அளவு விழுந்து கிடந்தது. வானம் மேற்கே பச்சைக் கறுப்பாக நின்றது. சுழல்காற்றுக்கு முன்னால் வரும் அந்த அமைதியில் பக்கத்து ஃபிளாட்டில் ஒரு பால்கனிக் கதவு திறந்தது. ஒரு பெண் வெளியே வந்து, மழை வருவதற்குள் துணி எடுத்துவிடலாம் என்று கிளிப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடையில் போட ஆரம்பித்தாள். பின்னாலிருந்து யாரோ கூப்பிட, திரும்பி ஏதோ சொன்னாள்.

அக்கா கிரேனிலிருந்து அந்தப் பால்கனிவரை கண்ணால் அளந்தாள்.

அந்த நேரம் பார்த்து போன் சார் ஆபீஸ் கன்டெய்னரிலிருந்து அடித்தளத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாக வந்தார். அக்கா கிரேன் அடியிலேயே நின்று வழி மறித்தாள். வாக்கியைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்திருந்தாள். பட்டனில் கட்டைவிரல்.

“சார், பூட்டினது தப்புன்னு உங்களுக்கே தெரியும். இப்பவே ஏறினா அவிழ்த்துடலாம். நேரம் இருக்கு.”

“அப்ப ஏத்து. அவன ஏத்து.”

“சாவி எங்கிட்ட. ஏறணும்னா நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். என் தம்பிய அன்னைக்குப் பூட்டச் சொன்னது யாரு?”

அவர் முகம் மாறியது. “என்ன பேசற நீ? அது முடிஞ்சுபோன கதை.”

“முடிஞ்சுபோனவன் என் வீட்ல இருக்கான் சார். கதை இல்ல.”

“பைத்தியமா உனக்கு? வேலைய விட்டுத் தூக்கிடுவேன்.”

“தூக்குங்க. தூக்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க.”

மாப்பிள்ளை பதறினான். “அக்கா, அங்க ஆளுங்க இருக்காங்கக்கா. சாவியக் குடுங்க, நான் ஏறறேன்.”

“நில்லு மாப்பிள்ளை.”

அவள் பால்கனியைப் பார்க்கவில்லை. பார்த்தால் சாவியைக் கொடுத்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். போன் சாரின் மூஞ்சியை மட்டும் பார்த்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனசு அடித்துக்கொண்டது. கையிலிருந்த பெட்டியில் அளவு ஏறத் தொடங்கி அவள் உள்ளங்கையில் அது கூவியது. மணல் எழும்பி மூவர் முகத்திலும் அடித்தது. போன் சார் மேற்கே திரும்பிப் பார்த்தார். வானத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு வால் தொங்க ஆரம்பித்திருந்தது.

“நான்தான்,” என்றார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக்கூடச் சத்தமில்லை.

“கேக்கல சார்.”

“பூட்டச் சொன்னது நான்தான். இப்பவும். அப்பவும். உன் தம்பி அவிழ்க்கறேன்னுதான் சொன்னான். நான்தான் வேணாம்னேன். போதுமா, ஏறித் தொலை.”

கட்டைவிரல் பட்டனிலேயே இருந்தது. அடித்தளத்தில் எல்லா வாக்கியிலும் அது கேட்டது.

மாப்பிள்ளை சாவிக்குக் கை நீட்டினான். அக்கா கொடுக்கவில்லை. “நேரத்தத் தின்னது நான். நீ கீழ போ, உன் பொண்டாட்டி காத்திருப்பா” என்று சொல்லிவிட்டு, அவன் இடுப்பிலிருந்த கயிற்று பெல்ட்டைக் கழற்றி வாங்கிக் கட்டிக்கொண்டு ஏறினாள். தம்பி ஆபரேட்டராக இருந்த நாட்களில் அவனோடு எத்தனையோ தடவை ஏறி இறங்கிப் பழகிய கால்கள். ஆனால் பாதிக்கு மேலே காற்று ஏணியிலிருந்து அவளைப் பிடுங்கப் பார்த்தது. பெல்ட்டை ஒரு படியில் மாட்டி, அடுத்த படிக்கு மாற்றி, மறுபடி மாட்டி, மூச்சு விட நின்று, மறுபடி ஏறினாள். கூண்டுக்குள் விழுந்து பிரேக்கை விடுவித்ததும் ஒரு பெரும் முனகலோடு கை நகர்ந்தது. முதலில் மெல்ல. பிறகு காற்று அதைப் பிடித்துக்கொண்டு ஃபிளாட்டின் மொட்டைமாடிக்கு மேலே வீசிச் சுழற்றியது. அக்கா கூண்டுக் கம்பியில் பெல்ட்டை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். கூண்டுக் கதவு பிடுங்கிக்கொண்டு வந்து அவள் இடது தோளில் இடித்தது. வலியில் கத்தினாள். அந்த வலிக்கு நடுவிலும் ‘அப்பவும்’ என்ற அந்த ஒரே வார்த்தையை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தாளாம். “அவ்வளவு ருசி தம்பி,” என்று என்னிடம் சொன்னாள். “பொய் சொல்ல மாட்டேன்.”

சுழல்காற்று சைட்டின் ஓரமாகத்தான் போனது. ஆபீஸ் கன்டெய்னரை உருட்டிக்கொண்டு போய்க் குழியில் தள்ளியது. சாரம் பாதி பறந்தது. ஃபிளாட்டில் ஜன்னல்கள் உடைந்தன, ஆனால் யாருக்கும் அடியில்லை. கிரேன் நின்றது. அக்காவைக் கீழே இறக்க இரண்டு ஆட்கள் ஏற வேண்டியிருந்தது. தோள் எலும்பு நொறுங்கியிருந்தது.

விசாரணை வந்தபோது இந்த முறை அக்காவை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அடித்தளத்திலிருந்த எல்லோரும் வரிசையாக வந்து, தங்கள் காதால் கேட்டதைச் சொன்னார்கள். நானும் சொன்னேன். போன் சாரின் வேலை போனது. பழைய விசாரணையையும் திறந்தார்கள். தம்பியின் சான்றிதழ் திரும்ப வந்தது.

அன்று வீட்டில் தம்பி முதல் தடவையாக நிறையப் பேசினான். பேசியது அவள் எதிர்பார்த்ததல்ல. “பக்கத்து வீட்ல ஆளுங்க இருக்கும்போது நீ நின்னு பேரம் பேசிட்டிருந்தியாமே. அவங்க உசுரப் பணயம் வெச்சா எனக்குப் பேரு வாங்கினே?” என்றான்.

“ஆமா,” என்றாள் அக்கா.

“அந்தப் பொம்பளைக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?”

அவன் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனான்.

கம்பெனி அக்காவையும் நீக்கியது. ஏற வேண்டிய நேரத்தில் ஏற விடவில்லை என்பது காரணம். அது நியாயம்தான் என்று அவளே என்னிடம் சொன்னாள். ஆனால் போன் சாரிடம் கேட்டு வாங்கிய வார்த்தையில் உண்மைக்கு மேல் ஒரு எழுத்துக்கூட அதிகமில்லை என்றும் சொன்னாள்.

இப்போது அவள் வேறொரு கம்பெனியின் கிடங்கில் கிரேன் பாகங்களைச் சரிபார்த்து அனுப்புகிற வேலையில் இருக்கிறாள். இடது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை. தம்பி மறுபடி கிரேன் ஏறுகிறான். அக்கா வீட்டை விட்டுத் தனி வீடு பார்த்துப் போய்விட்டான், பெரிய விசேஷங்களுக்கு மட்டும் வருகிறான். போன் சார் தன் மைத்துனரின் டைல்ஸ் கடையில் கல்லாவில் உட்காருகிறார். அந்தக் கடை எந்தத் தெருவில் இருக்கிறது, எத்தனை மணிக்கு ஷட்டரை இறக்குகிறார்கள் என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரியும்.